உழைத்த கால் கேட்கும் பால்

*ஓடி முடித்ததும் சாக்லேட் பால் குடிக்கலாமா? ஸ்வீடனில் தொடங்கி அமெரிக்கா வரை நீளும் அறுபது ஆண்டு ஆராய்ச்சி தரும் பதில்*

ஒரே சைக்கிள். இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். ஆளுக்கு ஒரு காலால் மட்டும் மிதிக்கிறார்கள். மற்றொரு கால் சும்மா இருக்கிறது. இனி ஒரு சுற்றுக்கூட முடியாது என்று அந்தக் கால் துவண்டுபோகும்வரை மிதிக்கிறார்கள்.

மிதித்தவர்கள் யோனாஸ் பெர்க்ஸ்ட்ரோம், எரிக் ஹல்ட்மன் என்ற இரண்டு ஸ்வீடன் நாட்டு மருத்துவர்கள். ஆண்டு 1966. சோதிக்க வேறு ஆளைத் தேடாமல் தங்கள் தொடைகளையே கொடுத்தார்கள். மிதித்து முடித்ததும் இரண்டு தொடைகளிலும் ஊசியைச் செலுத்தித் துளியளவு தசையை எடுத்துப் பார்த்தார்கள். உழைத்த காலில் சேமிப்புச் சர்க்கரை ஏறக்குறைய துடைத்து எடுக்கப்பட்டிருந்தது. உழைக்காத காலில் இருந்தது இருந்தபடியே இருந்தது.

அடுத்த மூன்று நாள் மாவுச்சத்து மிகுந்த உணவாகச் சாப்பிட்டார்கள். நாள்தோறும் ஊசி. மூன்றாம் நாள் முடிவில் உழைத்த கால் தான் இழந்ததை மீட்டதோடு நிற்கவில்லை, சும்மா இருந்த காலைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு சர்க்கரையைச் சேர்த்து வைத்திருந்தது. சும்மா இருந்த காலில் பெரிய மாற்றம் ஏதுமில்லை. ஒரே உடம்பு, ஒரே வயிறு, ஒரே சோறு, ஒரே இரத்தம். ஆனாலும் உழைத்த கால் மட்டுமே கேட்டு வாங்கிக்கொண்டது.

உடற்பயிற்சிக்குப் பிறகு சாக்லேட் பால் குடிப்பது நல்லதா என்று இன்று ஜிம்மிலும் மைதானத்திலும் கேட்கிறார்கள். அதற்காக நான் படித்த ஆய்வுகளில் இந்த ஒற்றைக்கால் சோதனையைவிடத் தெளிவான விடை எனக்குக் கிடைக்கவில்லை. சாக்லேட் பாலைப் பற்றிப் பின்னாளில் யார் எதைக் கண்டுபிடித்திருந்தாலும், அந்த இரண்டு கால்களுக்கும் இடையே இருந்த வேறுபாட்டில்தான் அது வந்து நிற்கிறது.

குதிரில் நெல் குறையும்போது

நாம் உண்ணும் மாவுச்சத்தில் ஒரு பங்கை உடல் கிளைகோஜன் என்ற வடிவில் சேமிக்கிறது. நன்றாகச் சாப்பிடும் ஒருவரின் தசைகள் எல்லாம் சேர்ந்து 400 கிராம் அளவுக்கும், ஈரல் 100 கிராம் அளவுக்கும் இதைத் தாங்கும். ஈரலில் இருப்பது ஊர்ப் பொதுக் களஞ்சியம் மாதிரி. இரத்தத்தில் சர்க்கரை குறையும்போது திறந்துவிடப்படும், மூளை உட்பட எல்லோருக்கும் போய்ச் சேரும். தசையில் இருப்பது அவரவர் வீட்டுக் குதிர். அந்த நெல் அந்த வீட்டைவிட்டு வெளியே போகாது. தொடைத் தசையின் கிளைகோஜன் தீர்ந்துபோனால் கைத்தசையால் கடன் தர முடியாது.

மாரத்தான் ஓடுபவர்கள் முப்பதாவது கிலோமீட்டர் வாக்கில் ‘சுவரில் மோதிவிட்டேன்’ என்பார்கள். மூச்சும் மனசும் தயாராக இருக்க, கால் மட்டும் ஈயக்குண்டாகக் கனக்கும். குதிர் காலியாகிவிட்டது என்பதுதான் அதன் பொருள்.

காலியான குதிருக்கு ஒரு தனிக் குணம் உண்டு. தசை கடுமையாக வேலை செய்து முடித்த உடனே, சர்க்கரையை உள்ளே விடும் கதவுகள் செல்லின் மேற்பரப்புக்கு வந்து நிற்கின்றன. வழக்கமாக அவற்றைத் திறக்க இன்சுலின் வேண்டும். பயிற்சி முடிந்த முதல் அரை மணி, ஒரு மணி நேரத்துக்கு இன்சுலினை அவ்வளவாக எதிர்பாராமலே அவை திறந்திருக்கும். அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் ஐவி என்ற ஆய்வாளர் 1988-ல் சைக்கிள் வீரர்களைக்கொண்டு இதை அளந்து காட்டினார். பயிற்சி முடிந்ததும் மாவுச்சத்துப் பானம் குடித்தவர்களின் தசையில் கிளைகோஜன் சேர்ந்த வேகம், இரண்டு மணி நேரம் கழித்துக் குடித்தபோது இருந்த வேகத்தைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு.

ஓடி முடித்ததும் ஏதாவது குடி என்று பயிற்சியாளர்கள் வற்புறுத்துவதற்கு இதுதான் அடிப்படை. எதைக் குடிப்பது என்ற கேள்விக்கு உலகம் முதலில் கண்டுபிடித்த விடை பால் அல்ல.

சிறுநீர் வராத ஆட்டக்காரர்கள்

1965. அமெரிக்காவின் புளோரிடா பல்கலைக்கழகம். அங்கே கொளுத்தும் வெயிலிலும் புழுக்கத்திலும் அமெரிக்கக் கால்பந்து ஆடும் மாணவர்கள் ஆட்டத்துக்கு ஆட்டம் கிலோக் கணக்கில் எடை இழந்தார்கள். ஆனால் ஆட்டம் முடிந்தபின் அவர்களுக்குச் சிறுநீரே வருவதில்லை. ஏன் என்று அணியின் துணைப் பயிற்சியாளர் ஒருவர், அதே பல்கலைக்கழகத்தின் சிறுநீரக மருத்துவர் ராபர்ட் கேடிடம் கேட்டார். உடம்பிலிருந்த தண்ணீர் முழுக்க வியர்வையாகப் போய்விட்டால் சிறுநீருக்கு எது மிஞ்சும்?

கேடும் அவருடைய குழுவினரும் தண்ணீர், உப்பு, சர்க்கரை ஆகியவற்றைக் கலந்து ஒரு பானம் செய்தார்கள். வாயில் வைக்க முடியவில்லை. எலுமிச்சைச் சாறு சேர்த்துப் பார்க்கச் சொன்னவர் கேடின் மனைவி. அணியின் பெயர் கேட்டர்ஸ். பானத்தின் பெயர் கேட்டரேட். 1967 ஜனவரி 2-ல் நடந்த ஆரஞ்சு பௌல் போட்டியில் அந்த அணி வென்றதும் பானத்தின் புகழ் நாடெங்கும் பரவியது.

எலுமிச்சை, உப்பு, சர்க்கரை, தண்ணீர். நம் வீடுகளில் வெயில் நாளில் கலக்கிக் கொடுக்கும் அதே சேர்மானம். அங்கே அது பாட்டிலில் அடைபட்டுப் பெரும் தொழிலாக வளர்ந்தது. அடுத்த நாற்பது ஆண்டுகளில் பானங்களும் பவுடர்களும் வரிசையாக வந்தன. மாவுச்சத்தும் புரதமும் இந்த விகிதத்தில், இந்தத் தாதுக்கள் இந்த அளவில் என்று ஆய்வுக்கூடத்தில் அளந்து வடிவமைத்தவை. விலையும் அதற்கேற்ப ஏறியது.

மோரில் தொடங்கிய மாநிலம்

அமெரிக்காவின் நடுமேற்கில் இருக்கும் இண்டியானா மாநிலத்துக்கும் பாலுக்கும் பழைய உறவு உண்டு. 1936-ல் இண்டியானாபோலிஸ் 500 மைல் கார் பந்தயத்தை மூன்றாம் முறையாக வென்ற லூயிஸ் மேயர், காரைவிட்டு இறங்கியதும் வாங்கிக் குடித்தது மோர். வெயிலில் களைத்து வந்தால் மோர் குடி என்று சின்ன வயதில் அம்மா பழக்கியிருந்தார். அந்தக் காட்சியின் புகைப்படத்தைப் பார்த்த பால் வியாபாரிகள் விடவில்லை. இன்றுவரை அந்தப் பந்தயத்தில் வெல்பவர் கையில் பால் பாட்டிலைக் கொடுக்கிறார்கள்.

அதே மாநிலத்தின் ப்ளூமிங்டன் நகரில் இண்டியானா பல்கலைக்கழகம் இருக்கிறது. 1951 முதல் அங்கே மாணவர்களுக்கான சைக்கிள் பந்தயம் நடக்கிறது. கால் மைல் பாதையில் 200 சுற்று. ஒலிம்பிக் நீச்சல் வீரர் மார்க் ஸ்பிட்ஸ் படித்ததும் இங்கேதான். உடம்பை வருத்துவதும், வருத்தியபின் தேற்றுவதும் அந்த ஊருக்குப் பழகிய வேலை.

அங்கே உடற்பயிற்சி அறிவியல் பேராசிரியராகவும் நீச்சல் ஆய்வு மையத்தின் இயக்குநராகவும் இருந்த ஜோயல் ஸ்டேகரும் சக ஆய்வாளர்களும் எளிமையான ஒரு கேள்வியைக் கேட்டார்கள். விலையுயர்ந்த மீட்புப் பானங்களில் இருக்கும் மாவுச்சத்து, புரத விகிதம் கடையில் விற்கும் சாக்லேட் பாலிலும் ஏறக்குறைய இருக்கிறதே, அதுவே போதாதா?

பயிற்சி பெற்ற 9 சைக்கிள் வீரர்களை அழைத்தார்கள். முதலில் கிளைகோஜன் தீரும்படி விட்டுவிட்டுக் கடுமையாக மிதிக்க வைத்தார்கள். பிறகு 4 மணி நேர ஓய்வு. ஓய்வின் தொடக்கத்திலும் இரண்டாம் மணி நேரத்திலும் ஒரு பானம். ஓய்வு முடிந்ததும் துவண்டு நிற்கும்வரை மறுபடி சைக்கிள். வெவ்வேறு நாட்களில் மூன்று பானங்கள்: குறைந்த கொழுப்புச் சாக்லேட் பால், கேட்டரேட், மாவுச்சத்தும் புரதமும் கலந்து விற்கப்பட்ட எண்ட்யூராக்ஸ்.

2006-ல் வெளியான முடிவு பலரையும் திரும்பிப் பார்க்க வைத்தது. சாக்லேட் பால் குடித்த நாளில் வீரர்கள் எண்ட்யூராக்ஸ் குடித்த நாளைவிடக் கணிசமாகக் கூடுதல் நேரம் மிதித்தார்கள். கேட்டரேட் குடித்த நாளிலும் அப்படியே. பாலுக்கும் கேட்டரேட்டுக்கும் இடையில் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை.

அதாவது, பால் கேட்டரேட்டோடு சமநிலை கண்டது, இன்னொரு பானத்தை வென்றது. ஆனால் செய்தித்தாள்களில் பால் எல்லாவற்றையும் வென்றுவிட்டது. ஆய்வில் இருந்தவர்கள் 9 பேர்தான் என்பதும், பால்தொழில் அமைப்பு ஒன்று செலவில் ஒரு பங்கை ஏற்றிருந்தது என்பதும் தலைப்புகளில் இடம்பெறவில்லை.

இருந்தாலும் அந்த முடிவை ஒதுக்கிவிட முடியாது. இங்கிலாந்தின் நார்தம்ப்ரியா பல்கலைக்கழகம் 2009-ல் இதே வகைச் சோதனையைச் செய்தது. அங்கும் 9 சைக்கிள் வீரர்கள். சாக்லேட் பால் குடித்தபின் சராசரியாக 32 நிமிடம் மிதித்தார்கள். மற்ற இரண்டு பானங்களில் 21 நிமிடம், 23 நிமிடம். பிற்பாடு ஈரானிய ஆய்வாளர்கள் 12 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து எடைபோட்டார்கள். சாக்லேட் பால் மற்ற மீட்புப் பானங்களுக்கு இணையாகவோ சற்று மேலாகவோ இருக்கிறது, ஆனால் சான்று இன்னும் சிறியது, பெரிய ஆய்வுகள் தேவை என்று முடித்தார்கள். நேர்மையான முடிவு. நாமும் அந்த அளவோடுதான் இதை ஏற்க வேண்டும்.

ஒரு டம்ளருக்குள்

அந்த டம்ளருக்குள் அப்படி என்ன இருக்கிறது?

240 மில்லி குறைந்த கொழுப்புச் சாக்லேட் பாலில் சுமார் 25 கிராம் மாவுச்சத்து, 8 கிராம் புரதம், இரண்டு மூன்று கிராம் கொழுப்பு இருக்கும். 150 கலோரியை ஒட்டிய ஆற்றல். அந்த 25 கிராமில் ஏறத்தாழ பாதி பாலிலேயே இருக்கும் லாக்டோஸ். மறுபாதி நாம் சேர்க்கும் சர்க்கரை. மாவுச்சத்தும் புரதமும் மூன்றுக்கு ஒன்று என்ற அளவில் நிற்கின்றன.

சர்க்கரை குதிரை நிரப்பப் போகிறது. புரதத்துக்கு வேறு வேலை. கடும் பயிற்சியில் தசை நார்களில் நுண்ணிய சிதைவுகள் ஏற்படும். அவற்றைச் செப்பனிட்டு வலுவாக்கப் புரதம் வேண்டும். பால் புரதத்தில் ஐந்தில் நான்கு பங்கு கேசீன், ஒரு பங்கு வே. வே விரைவில் செரித்து, தசை கட்டும் வேலையை முடுக்கிவிடும் லியூசின் என்ற அமினோ அமிலத்தை இரத்தத்தில் சேர்க்கிறது. கேசீன் இரைப்பையின் அமிலத்தில் தயிர்போல உறைந்து, மணிக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. வே கை நீட்டும்போதே கிடைக்கும் அன்றாடக் கூலி என்றால், கேசீன் மெதுவாக வந்து சேரும் வாரச் சம்பளம்.

கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம் 2007-ல் இதைப் பொறுமையாகச் சோதித்தது. எடைப் பயிற்சிக்குப் புதியவர்களான 56 இளைஞர்கள், வாரம் 5 நாள், 12 வாரம். பயிற்சி முடிந்ததும் ஒரு பிரிவுக்குக் கொழுப்பு நீக்கிய பால், இன்னொன்றுக்கு சோயா பானம், மற்றொன்றுக்கு வெறும் மாவுச்சத்துப் பானம். மூன்று மாத முடிவில் பால் குடித்தவர்கள் உடலில் தசை அதிகம் கூடியிருந்தது, கொழுப்பும் குறைந்திருந்தது. இங்கே கொடுத்தது சாக்லேட் கலக்காத சாதாரணப் பால் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது தண்ணீர். பால் என்பதே பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான். இங்கிலாந்தின் லஃபரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007-ல் 11 பேரை வெப்பமான அறையில் வியர்க்க வைத்து, உடல் எடையில் 1.8 சதவீதம் குறையும்வரை உழைக்கச் செய்தார்கள். இழந்த எடையில் ஒன்றரை மடங்கு பானம் குடிக்கக் கொடுத்தார்கள். தண்ணீரும் ஸ்போர்ட்ஸ் பானமும் குடித்தவர்கள் அதைச் சிறுநீராகக் கழித்துவிட்டு மறுபடி நீர்ப் பற்றாக்குறைக்கே திரும்பினார்கள். பால் குடித்தவர்கள் உடலில் தண்ணீர் தங்கியது. காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். பாலில் சோடியமும் பொட்டாசியமும் இருக்கின்றன, புரதம் இருக்கிறது, அது இரைப்பையைவிட்டு மெல்ல நகர்கிறது. தண்ணீர் ஒரேயடியாக வெள்ளமாக வந்தால் சிறுநீரகம் மதகைத் திறந்துவிடும். வாய்க்காலில் வருவதுபோல வந்தால் வயலில் நிற்கும்.

2016-ல் பிரிட்டனில் 72 ஆண்களிடம் 13 பானங்களை வைத்து, எது உடலில் நீண்ட நேரம் தங்குகிறது என்று அளந்தார்கள். முன்வரிசையில் நின்றவை வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். கரைசலும் பாலும். ஸ்போர்ட்ஸ் பானத்துக்கும் வெறும் தண்ணீருக்கும் அந்த வகையில் பெரிய வேறுபாடு இல்லை.

கொக்கோ வந்த வழி

இதுவரை சொன்ன வேலை எல்லாம் பாலுடையது, சர்க்கரையுடையது. கொக்கோ முக்கியமாகச் சுவைக்கு. ஆனால் சுவையைச் சின்ன விஷயம் என்று தள்ளிவிடக் கூடாது. கடுமையாக ஓடி முடித்தவருக்குப் பசி மந்தமாக இருக்கும், சோற்றைக் கண்டால் குமட்டும். அந்த நேரத்தில் தயங்காமல் உள்ளே இறங்கும் பானம் எதுவோ அதுதான் பயன் தரும்.

பாலும் கொக்கோவும் சேர்ந்த கதையிலும் குமட்டல் உண்டு. 1687-ல் ஜமைக்கா போன, அயர்லாந்தில் பிறந்த ஹான்ஸ் ஸ்லோன் என்ற மருத்துவருக்கு, அங்கே குடித்த கொக்கோ பானம் ஒத்துக்கொள்ளவில்லை. பாலில் கலந்தபோது வயிறு ஏற்றுக்கொண்டது. அவர் பெயரைச் சொல்லி லண்டன் மருந்துக் கடைகளில் அது மருந்தாகவே விற்கப்பட்டது. 1828-ல் ஹாலந்தில் வான் ஹவுட்டன், கொக்கோவிலிருந்து கொழுப்பைப் பிழிந்து எடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். எஞ்சியதைப் பொடித்தால் பாலில் எளிதாகக் கலக்கும் கொக்கோ பவுடர். இன்று நம் அடுக்களையில் இருக்கும் டப்பா அதன் வழிவந்ததுதான்.

ஆய்வுக்கூடத்தின் கதவைத் தட்டிய வியாபாரம்

ஒரு பொருளைப் பற்றி நல்ல சேதி வந்தால் அதை விற்பவர்கள் சும்மா இருப்பார்களா? அமெரிக்கப் பால்தொழில் அமைப்பு சாக்லேட் பாலை விளையாட்டு வீரரின் பானம் என்றே முன்னிறுத்தியது. ஹவாயில் நடக்கும் அயர்ன்மேன் போட்டியில் வென்ற மிரிண்டா கார்ஃப்ரே போன்றவர்கள் அதற்கு முகம் கொடுத்தார்கள். 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், அதன்பின் ஒரு முழு மாரத்தான். அப்படி உழைப்பவர் சாக்லேட் பால் குடிப்பதில் பொருள் இருக்கிறது. விளம்பரத்தைப் பார்த்துவிட்டு சோபாவிலிருந்து எழுந்துபோய்க் குடிப்பவருக்கு அந்தப் பொருள் இல்லை.

2015 டிசம்பரில் இது எல்லை மீறியது. ஃபிஃப்த் குவார்ட்டர் ஃப்ரெஷ் என்ற குறிப்பிட்ட நிறுவனத்தின் சாக்லேட் பால், தலையில் அடிபட்ட பள்ளிக் கால்பந்து வீரர்களின் மூளைத்திறனைக்கூட மேம்படுத்துகிறது என்று மேரிலாண்ட் பல்கலைக்கழகம் செய்திக்குறிப்பு வெளியிட்டது. துறை வல்லுநர்கள் சரிபார்த்து வெளியான ஆய்வுக் கட்டுரை ஏதும் அதற்குப் பின்னால் இல்லை. பால்தொழிலிடமிருந்து வந்த பணம் உரியபடி சொல்லப்படவில்லை. எதிர்ப்பு எழுந்ததும் பல்கலைக்கழகமே விசாரணை நடத்தி, 2016-ல் குறைகளை ஒப்புக்கொண்டு, அந்த அறிவிப்பைத் திரும்பப் பெற்றது. பேசப்பட்டது பிள்ளைகளின் மூளையைப் பற்றி. அடிபட்ட தலைக்கு ஓய்வும் மருத்துவரும்தான் வேண்டும், பாட்டில் பால் அல்ல. விற்பனைக்காக அவர்களின் பெற்றோரை இப்படி ஏமாற்றத் துணிவது எனக்கு மன்னிக்கக் கூடியதாகத் தோன்றவில்லை.

சும்மா இருந்த கால்

இப்போது அந்த ஸ்வீடன் சைக்கிளின் இரண்டாவது காலுக்கு வருவோம். அது உழைக்கவில்லை. அதன் குதிர் நிறைந்திருந்தது. மூன்று நாள் ஊட்டியும் அது பெரிதாக எதையும் வாங்கிக்கொள்ளவில்லை.

நம்மில் பெரும்பாலோரின் உடற்பயிற்சி அந்தக் காலின் பக்கம்தான். அரை மணி நேர நடை 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு 120, 150 கலோரி செலவழிக்கும். ஒரு டம்ளர் சாக்லேட் பால் அதை அப்படியே திருப்பித் தந்துவிடும். எடை குறைக்க நடப்பவர் நடந்ததும் வீண், குடித்ததும் வீண். நடைப்பயிற்சிக்கும், மென்மையான யோகாசனத்துக்கும், அரை மணி நேர பேட்மிண்டனுக்கும் தண்ணீரோ மோரோ போதும், அதன்பின் வீட்டுச் சாப்பாடு. சர்க்கரை நோயாளிகள் சாக்லேட் பால் தொடுவதற்கு முன் தங்கள் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

பிள்ளைகள் விஷயத்தில் அமெரிக்காவே இன்னும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறது. லாஸ் ஏஞ்சலஸ் பள்ளி நிர்வாகம் 2011-ல் சாக்லேட் பாலைப் பள்ளிகளிலிருந்து நீக்கியது. குழந்தைகள் வெறும் பாலைக் குடிக்காமல் கொட்டியதைக் கண்டு சில ஆண்டுகள் கழித்து மறுபடி அனுமதித்தது. 2024-ல் அந்நாட்டு வேளாண்துறை, பள்ளியில் தரும் ஒரு கோப்பைச் சுவையூட்டிய பாலில் சேர்த்த சர்க்கரை 10 கிராமுக்கு மேல் போகக் கூடாது என்று வரம்பு கட்டியது.

இந்தியாவிலும் இதே கேள்வி வேறு உருவில் வந்தது. 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகம், போர்ன்விட்டா உள்ளிட்ட பானங்களை ‘ஹெல்த் டிரிங்க்’ என்ற பிரிவில் காட்ட வேண்டாம் என்று இணைய விற்பனைத் தளங்களுக்கு அறிவுறுத்தியது. நம் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படியொரு வகையே கிடையாது. பல வீடுகளில் பாலில் இரண்டு கரண்டி பவுடரைப் போட்டுப் பிள்ளைக்குக் கொடுப்பதை ஊட்டம் என்று நம்பினோம். ஊட்டம் பாலில் இருந்தது. பவுடரில் பெரும்பங்கு இனிப்பு.

யாருக்கு, எவ்வளவு, எப்போது?

யாருக்கு: ஒரு மணி நேரத்துக்கு மேல் கடுமையாக ஓடுபவர்கள், நீந்துபவர்கள், சைக்கிள் மிதிப்பவர்கள், கபடி, கால்பந்து, ஹாக்கி ஆடுபவர்கள். காலையும் மாலையும் இரண்டு வேளை பயிற்சி இருப்பவர்களுக்கு மிகவும் பொருந்தும்.

எவ்வளவு: கடும் பயிற்சிக்குப் பின் உடல் எடையில் கிலோவுக்கு 0.25 முதல் 0.3 கிராம் புரதம் என்பது விளையாட்டு ஊட்டச்சத்து நிபுணர்களின் பொதுவான கணக்கு. 60 கிலோ எடையுள்ளவருக்கு 15 முதல் 18 கிராம். இரண்டு டம்ளர் பாலில் அது கிடைத்துவிடும். சில மணி நேரத்தில் மறுபடி களமிறங்க வேண்டியவருக்கு மட்டும் மணிக்கு, கிலோவுக்கு 1 கிராமுக்குக் குறையாமல் மாவுச்சத்து வேண்டும். பாலோடு இரண்டு வாழைப்பழம் சேர்த்தால் கணக்கு நேராகும்.

எப்போது: அன்றே மறுபடி பயிற்சி என்றால் அரை மணி நேரத்துக்குள். அடுத்த பயிற்சி நாளைக்குத்தான் என்றால் அவசரம் இல்லை. இட்லியோ சோறோ பருப்போ, அன்றைய உணவு முறையாக இருந்தால் 24 மணி நேரத்தில் குதிர் தானாக நிரம்பிவிடும்.

வீட்டில் செய்ய: நீலநிற ஆவின் பாக்கெட்டில் வரும் சமன்படுத்தப்பட்ட பால் ஏற்றது. இனிப்பில்லாத கொக்கோ பவுடர் ஒரு தேக்கரண்டியைக் கொஞ்சம் சூடான பாலில் கட்டியில்லாமல் குழைத்துக்கொண்டு, மீதிப் பாலை ஊற்றி ஆற்றவும். இனிப்பு இரண்டு, மூன்று தேக்கரண்டி. வெல்லமோ நாட்டுச் சர்க்கரையோ என்றால் பால் ஆறிய பிறகே சேர்க்க வேண்டும், கொதிக்கும் பாலில் போட்டால் திரிந்துபோகும். குளிர வைத்துக் குடிக்கலாம்.

பால் ஒத்துக்கொள்ளாதவர்கள்: உலக மக்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு, வளர்ந்தபின் லாக்டோஸைச் செரிக்கும் திறன் குறைந்துவிடுகிறது. பால் குடித்தால் வயிறு உப்புவது நோயோ பலவீனமோ அல்ல. தயிரில் லாக்டோஸ் குறைவு என்பதால் பலருக்கு அது ஒத்துப்போகும். தயிர்ச் சோறு, வேர்க்கடலையும் வாழைப்பழமும், முட்டையும் இட்லியும் இதே வேலையைச் செய்யும்.

டம்ளர் யாருக்குப் போக வேண்டும்?

இந்த ஆய்வுகளை எல்லாம் படித்து முடித்தபோது என் நினைவில் நின்றவர்கள் அயர்ன்மேன் வீரர்கள் இல்லை. விடிவதற்கு முன் மைதானத்துக்கு வந்து, மூச்சிரைக்க ஓடி, வியர்வை காயாமலே சீருடையை மாட்டிக்கொண்டு வெறும் வயிற்றோடு பள்ளிக்குப் போகும் நம் ஊர்ப் பிள்ளைகள்தான். ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் புரதப் பவுடர் டப்பா அவர்களுக்கு எட்டாது. அது இல்லாததால்தான் தாங்கள் பின்தங்கிப் போகிறோம் என்று அவர்களில் யாராவது நினைத்தால், அந்த நினைப்பை முதலில் போக்க வேண்டும். ப்ளூமிங்டனிலும் லஃபரோவிலும் மெக்மாஸ்டரிலும் அளந்து பார்த்துவிட்டார்கள். விலையுயர்ந்த டப்பா செய்யும் வேலையைப் பால் செய்கிறது. இரண்டு டம்ளர் பால், கொஞ்சம் இனிப்பு, இரண்டு பழம். ஒரு விளையாட்டு விடுதியோ, பள்ளியோ, ஊர் மன்றமோ மனது வைத்தால் பயிற்சி முடியும் இடத்திலேயே கொடுத்துவிடலாம்.

ஒரே உடம்பில் இரண்டு கால்களுக்கு இருந்த வேறுபாடு ஒரே ஊரிலும் இருக்கிறது. தேவையில்லாதவர் கையில் இனிப்புப் பால் பாட்டில் எளிதாகக் கிடைக்கிறது. தேவைப்படும் பிள்ளை வெறும் வயிற்றோடு வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது. 1966-ல் உடம்பு தனக்குள் சரியாகப் பங்கிட்டுக் காட்டியது: உழைத்த காலுக்கே போனது. வெளியே பங்கிடும் பொறுப்பு நம்முடையது.